நிலுவைப் பட்டியல் இல்லாத ஒரு கூட்டம் வேண்டும்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளை மேற்பார்வையிடும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆய்வுக் கூட்டத்தில் ஓர் ஆற்றுப்படுத்துநரை (கவுன்சலரை) எழுப்பி நிறுத்தி, நிலுவை பற்றிக் கேட்ட கேள்விகளும், அடுத்து வந்த ராஜினாமாக் கடிதமும் தாங்கள் அறிந்தவை. அப்படிப்பட்ட கூட்டங்கள் களத்தில் என்ன செய்கின்றன என்பதை மட்டும் சொல்கிறோம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 36-இன்படி குழந்தையின் குடும்பச் சூழலை ஆராயும் சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். அதன் அறிக்கையான படிவம் 22-ஐ ஒழுங்காக நிரப்ப வீட்டுக்கே போக வேண்டும். கூலி வேலைக்குப் போன தாய் திரும்பவே மாலை ஆறரை ஆகிவிடும். அவரிடம் பேசிவிட்டுக் கடைசிப் பேருந்தில் வருபவர், மறுநாள் பத்து மணிக்குள் கைரேகை வைக்காவிட்டால் மெமோ. வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு நிலுவைப் பட்டியல் வேறு. பிறகு விசாரணை போனிலேயே முடியும். வீட்டில் எத்தனை அறை, சிறுமி யார் பக்கத்தில் படுக்கிறாள், குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பதெல்லாம் போனில் தெரியாது. ‘தாய் கூலித் தொழிலாளி, குடும்பச் சூழல் திருப்தி’ என்று போன மாத வரியே இந்த மாதமும் வரும். அதை நம்பித்தான் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறது. நிலுவை பூஜ்யம், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

தொகுப்பூதியம் சமூகப் பணியாளருக்கு 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். இந்தப் பணத்துக்காக யாரும் இங்கே தாக்குப்பிடிப்பதில்லை. பிள்ளைகளுக்காக இருப்பவர்கள்தான் அவமானம் தாங்காமல் போகிறார்கள். ஒருவர் போனால், அவரிடம் பல அமர்வுகளுக்குப் பிறகு வாய் திறந்த குழந்தை, நடந்ததைப் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 14 வந்தால் மேடையில் எங்கள் அர்ப்பணிப்பு புகழப்படும், சால்வையும் விழும். ஒப்பந்த நீட்டிப்பு ஆணையைக் கேட்டால் மட்டும் கோப்பு எப்போதும் ‘மேலே’ இருக்கும். சரி, குறை பாட இந்த மடலை எழுதவில்லை.

கேட்பது இதுதான்: மாதம் ஒருமுறை, எண்ணிக்கை கேட்காமல், சிக்கலான வழக்குகளை மட்டும் பேசும் கூட்டம். அனுபவமுள்ள ஆற்றுப்படுத்துநர் ஒருவர் நடத்தட்டும். அங்கே பேசியதை வைத்து யாருக்கும் விளக்கக் கடிதம் போகக் கூடாது. மாலைக் கள ஆய்வுக்குப் போனவருக்கு மறுநாள் முற்பகல் ஈடுவிடுப்பு என்றும் எழுத்தில் வேண்டும். வாய்மொழி அனுமதி அடுத்த அலுவலர் வந்ததும் காற்றோடு போய்விடுகிறது.

ஆய்வுக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நிலுவைப் பட்டியல் இல்லாத ஒரு கூட்டத்தையும் கூடவே நடத்துங்கள் என்கிறோம். அடுத்த ஆய்வுத் தேதிக்கு முன் இதற்கான சுற்றறிக்கையை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
களப்பணியாளர்கள்