அந்தக் கேசட்டில் பாடியிருப்பது தமிழ்தான்

வடசென்னை இசையை ஆவணப்படுத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

எந்த ராக் குழு, யார் வீட்டுப் பரணில் இருந்த பெட்டி, எந்தக் கையெழுத்தில் ஒப்படைக்கப்பட்டது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதை மறுபடி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. 6 கேசட்டில் 1 திரும்பி வந்திருக்கிறது. கூடவே ஒரு சீட்டு: 'ஒலி சிதைந்துள்ளது. பாதுகாக்கத் தகுதியற்றது.' மொழி என்ற கட்டத்தில் 'கண்டறிய இயலவில்லை'. பாடல்கள் என்ற கட்டத்தில் '1. டிரம், 2. பேஸ், 3. கிதார், 4. பாட்டு'.

ஐயா, அவை பாடல்களின் பெயர்கள் அல்ல. கேசட் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்த டிராக் வரிசை அது, அதாவது எந்தக் கருவி எந்தத் தடத்தில் தனியாகப் பதிந்திருக்கிறது என்ற குறிப்பு. அதைப் பார்த்து அப்படியே படிவத்தில் இறக்கியவர், ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

சாதாரண கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஏ பக்கத்துக்கு 2 டிராக், பி பக்கத்துக்கு 2 டிராக், எதிரெதிர்த் திசையில். நாலு டிராக் ரெக்கார்டர் அந்த நான்கையும் ஒரே திசையில் பதியும். இந்தக் குழு பயன்படுத்திய வகை மெஷினில் வேகமும் இரட்டிப்பு, ஏறக்குறைய 9.5 செ.மீ. அதனால்தான் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம் மட்டுமே இருக்கிறது, 3 பாட்டோடு முடிந்துவிடுகிறது. இதைச் சாதாரண டெக்கில் (கேசட் பிளேயரில்) போட்டால் ஏ பக்கத்தில் டிரம்மும் பேஸும் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, ஈரச் சாக்கை அடிப்பது போலக் கேட்கும். திருப்பிப் போட்டால் கிதாரும் குரலும் பாதி வேகத்தில், அதுவும் கடைசியிலிருந்து முதலுக்கு. கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும் தமிழ் என்ன மொழி என்று கண்டறிய இயலாதுதான். அந்த வரையில் உங்கள் சீட்டு உண்மையே பேசுகிறது.

முதலில் கேட்டுக்கொள்வது ஒன்று. உங்களிடம் இருக்கும் மற்ற 5 கேசட்டையும் இனி எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒரு தடவைகூடச் சாதாரண டெக்கில் ஓட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், திரும்பி வந்த கேசட்டில் முதல் பாட்டின் தொடக்கத்தில் 'ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ' என்று ஒரு குரல் பதிந்திருக்கிறது. நாலு டிராக் மெஷினில் அது 6 விநாடி, எலி கீச்சிடுவது போல இரட்டை வேகத்தில் ஓடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் 12 விநாடி, தெளிவான ஆள் குரல். அதாவது அது குழுவின் மெஷினில் பதிந்ததல்ல. சாதாரண டெக்கில், யாரோ ரெக்கார்டு பட்டனை அழுத்திப் பதிந்தது. கேசட்டோடு நாங்கள் உங்களுக்குக் கொடுத்த பிரதியில் அந்தக் குரல் இல்லை. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்கவே இறங்காது. பழைய கேசட் கைக்கு வந்ததும் முதலில் செய்யவேண்டிய வேலை அது. ஸ்குரூ டிரைவர் நுனி போதும், 2 விநாடி வேலை.

ஏ பக்கத்தில் பதிந்ததால் அழிந்தது டிரம்மும் பேஸும். குச்சியை நான்கு முறை தட்டி எண்ணித் தொடங்குவார்களே, அது போய்விட்டது. கிதார் மட்டும் தனியாக, அடியில் எதுவும் இல்லாமல் வருகிறது. அந்த 6 விநாடியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அந்தப் பிரதியிலும் நான்கு டிராக்கும் கலந்துதான் இருக்கின்றன, தனித்தனியாக இல்லை.

நாலு டிராக் மெஷின் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். சரி, அதற்கும் வழி உண்டு. நல்ல டெக்கில், டேப்பைப் படிக்கும் முனையான ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கேசட்டின் நடுவில் செம்புப் பட்டையில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது, உயர் சுருதி ஒலி காணாமல் போகும். வேறு கேசட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள், 5 ஸ்குரூதான். ஹெட்டின் பக்கத்து ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓசை பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பக்கத்தையும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து, பி பக்கத்தைக் கணினியில் முன்பின்னாகத் திருப்பி, இரண்டின் வேகத்தையும் இரட்டிப்பாக்கிச் சேருங்கள். இரண்டு தடவை தனித்தனியாக ஓட்டியதால் போகப் போக இரண்டும் விலகும். டிரம்மையும் கிதாரையும் பாட்டுக்குப் பாட்டு கையால் நேர்படுத்தத்தான் வேண்டும். அட்டை ஓரத்தில் 'டிபிஎக்ஸ்' (இரைச்சலைக் குறைக்க ஒலியைச் சுருக்கிப் பதியும் முறை) என்று எழுதியிருப்பவற்றில், வேகத்தைச் சரிசெய்த பிறகுதான் சுருக்கியதை விரிக்க வேண்டும். முன்னால் விரித்தால் ஒலி இரைப்பு நோயாளி மாதிரி மூச்சு வாங்கும்.

வெள்ளைப் பூஞ்சை பூத்த கேசட்டை ஓட்டவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். 'சூடாக்கிப் பார்க்கலாம்' என்று சீட்டின் பின்புறம் பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த வைத்தியம் சில வகைப் பெரிய ஸ்பூல் டேப்புகளுக்கு. கேசட்டின் கூடு வளைந்துவிடக்கூடும்.

இன்னொன்று. கானாவையும் ராக்கையும் ஒன்றாக மேடையேற்றிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரியில் நடந்தது. அதை உங்கள் பட்டியலில் சேர்த்தது முறைதான். ஆனால் பட்டியலைப் படிக்கிறவருக்கு, அதற்கு முன் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே எலெக்ட்ரிக் கிதாருக்குக் கரண்டே வரவில்லை என்று தோன்றும். ராயபுரம் ரயில் நிலையம் 1856 என்று தூக்கத்திலும் சொல்கிறோம். அந்த ரயில்வேயை நம்பிப் பெரம்பூரில் குடியேறிய ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிதார் எத்தனை காலமாகத் தொங்கியது என்று யாரும் கேட்பதில்லை. வடசென்னை என்றால் கானா, கேரம், குத்துச்சண்டை. அந்த மூன்றில் அடங்காதது 'தகுதியற்றது'. இந்தக் கேசட்டுகளின் குழு இரண்டு வருடம்கூட ஓடவில்லை என்பதும் ஒரு குறையா? ரெக்கார்டு கம்பெனி இல்லை, சொந்த ஆம்ப்ளிஃபயர் இல்லை, வாடகை டிரம் செட்டை மாடிப்படியில் நாலு பேர் தூக்க வேண்டும். அவ்வளவு நாள் ஓடியதே பெரிது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பொறுத்தருள்க. 5 கேசட்டின் காதுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். சாதாரண டெக்கில் ஓட்டாதீர்கள். நாலு டிராக் மெஷினில் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாதென்றால் மேலே சொன்னபடி தயார்செய்த டெக்கில் எடுங்கள்; அதுவும் முடியாதென்றால் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுங்கள், எடுத்து நாலு டிராக்கும் தனித்தனிக் கோப்பாக நாங்களே கொண்டுவந்து தருகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். படிவத்தில் மொழி என்ற கட்டத்தை மட்டும் 'தமிழ்' என்று திருத்திவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடி, பெரம்பூர், ராயபுரத்திலிருந்து
பழைய டேப் பழுதுபார்க்கும் சிலர்