செவ்வாய்க் கிரகத்தை விட்டிட்டு மன்னாருக்கு வாங்கோ: புலத்து ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணைமார், அக்காமார்,

ரொறன்ரோ, லண்டன், சூரிச், பாரிஸ் எண்டு இருந்துகொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கம் பின்னேர இங்கிலிஷ் கிளாசுக்குக் காசு அனுப்புற ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாருக்கும் பொதுவா இதை எழுதுறன். ஒரு சங்கத்தின்ர பேரைப் போட்டா அவையை மட்டும் குத்திக்காட்டினமாதிரி ஆகிடும், மற்ற இடங்களில படிப்பிக்கிற ரீச்சர்மாரோட கதைச்சாலும் இதே கதைதான் வருது. முதல்ல நன்றி, இது மேடை மரியாதைக்குச் சொல்லுறதில்லை. கூரைத் தகரம், ரவுட்டர், புரொஜெக்டர், எங்கட சம்பளம், பிள்ளையளுக்குப் பின்னேரம் தேத்தண்ணியும் பணிசும், எல்லாம் நீங்கள் குளிருக்குள்ள வேலைக்குப் போய் உழைச்ச காசு எண்டு தெரியும்.

நான் கதைக்க வந்தது சின்னப் பிள்ளையளின்ர கிளாசைப் பற்றி இல்லை, அது நல்லாப் போகுது. மேல் குறூப்பைப் பற்றியும், அவை கதைச்சுப் பழக நீங்கள் அனுப்புற தலைப்புகளைப் பற்றியும். ஏ.எல் எண்ட உயர்தரச் சோதனை எழுதிப்போட்டு நிக்கிறவை, கம்பசுக்குக் காத்திருக்கிறவை, ஐ.ஈ.எல்.ரி.எஸ் எண்ட இங்கிலிஷ் சோதனை எடுக்கப் போறவை, ரெண்டொரு நேர்ஸ்மார், பாங்கில வேலை செய்யிற ஒரு தம்பி. கிறமர் பிழையில்லை, படம் பாத்தா விளங்கும், மெசேஜ் வடிவா எழுதுவினம், ஆனா ஒரு விசயத்தைப் பற்றித் தொடர்ந்து அஞ்சு நிமிசம் கதைக்கச் சொன்னா ரெண்டாவது நிமிசத்தில 'தட்ஸ் ஓல் சேர்' எண்டு இருந்திடுவினம். ஐரோப்பிய அளவுகோலில இந்த லெவலைத்தான் பி2 எண்டுறது. 2001ல ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட அந்தச் சட்டகத்தில பி2 ஆளுக்கு என்ன ஏலவேணும் எண்டு போட்டிருக்கெண்டா, நடப்பு விசயம் ஒண்டில தன்ர நிலைப்பாட்டை எடுத்துச் சொல்லி, இந்த வழியில போனா என்ன நன்மை, அந்த வழியில போனா என்ன தீமை எண்டு விளக்கவேணும். கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பீடங்களில இஞ்சினியரிங்கோ அக்ரியோ படிக்கப் போற பிள்ளை ஏ.எல் வரைக்கும் தமிழில படிச்சிட்டு அங்க போய் இங்கிலிஷில லெக்சர் கேக்கவேணும், கேள்வியும் கேக்கவேணும். பள்ளிக்கூடத்தில ஏ.எல் ஜெனரல் இங்கிலிஷ் எண்டு ஒண்டு இருக்குத்தான், ஆனா கம்பஸ் எடுபடுறதுக்கு அந்த மாக்ஸ் பாக்கிறேல்ல, அதால அதை ஆர் கணக்கெடுக்கினம்.

இனி விசயத்துக்கு வாறன். நீங்கள் அனுப்புற ரொபிக் லிஸ்ட். செவ்வாய்க் கிரகத்தில போய் இருப்பியளோ, சாரதி இல்லாத கார் நல்லதோ கூடாதோ, சினிமா நட்சத்திரம் முன்மாதிரியா இருக்கவேணுமோ, நாய்க்குட்டிக்கு உடுப்புப் போடலாமோ (உண்மையாத்தான், அதுவும் இருந்தது). கீழ தடிச்ச எழுத்தில, அரசியலும் சர்ச்சையான விசயங்களும் கதைக்கவேண்டாம் எண்டு ஒரு வரி.

ஏன் அந்த வரியைப் போட்டியள் எண்டு எனக்கு விளங்குது. நாளைக்கு ஆரும் வந்து என்ன கிளாஸ் நடக்குது, ஆர் காசு தாறது எண்டு கேட்டா முன்னுக்கு நிண்டு பதில் சொல்லவேண்டியது நான், அதால அந்தப் பயம் உங்களை விட எனக்குக் கூட. கட்சி, தேர்தல், ஆருக்கு வோட் போடுறது, உதுகள் கிளாசுக்குள்ள வராது. ஆனா கரண்ட் யூனிட் என்ன விலைக்கு வாங்கிறது எண்டது சர்ச்சையெண்டு விடுறதோ? குளத்துக் கதவை எப்ப திறக்கவேணும் எண்டதை விடுறதோ? பிறகு கதைக்கிறதுக்கு என்ன மிச்சம், நாய்க்குட்டிச் சட்டைதான்.

காத்தாலையை எடுங்கோ. மன்னாரில 2020 டிசம்பரில தம்பபவனி எண்ட காத்தாலைப் பண்ணை திறந்தது, 30 கோபுரம், கிட்டத்தட்ட 100 மெகாவாற். பிறகு அதானி கொம்பனி மன்னாரிலயும் பூநகரியிலயும் 484 மெகாவாற் போடுறது, யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் எண்டு 2024 மே மாசம் கபினெட் ஓம் எண்டது, புது அரசாங்கம் வந்து விலை கூட எண்டது, 2025 பெப்ரவரியில கொம்பனி விலகினது. இதை நான் எளிய இங்கிலிஷில ஒரு பக்கமா எழுதிக் குடுத்து, வங்காலைச் சரணாலயம் 2010ல இருந்து ராம்சார் எண்ட உலக ஈரநிலப் பட்டியலில இருக்கு, மத்திய ஆசியாவிலயிருந்து வலசை வாற பறவையளின்ர பாதை அது எண்டும் சேர்த்துவிட்டன். பூநகரிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன், வழமையா பின் வாங்கில இருந்து போன் நோண்டுறவன், எழும்பிச் சொல்லுறான், காத்து மும்முரமா அடிக்கிறது சோளகத்தில (தென்மேற்குக் காத்து), பறவையள் வாறது வாடைக் காலத்தில (வடகீழ்க் காத்து), அப்ப பறவை வாற மாசங்களில ஆலையை நிப்பாட்டி வைச்சா என்ன எண்டு. உடன மற்றப் பக்கத்தால ஒரு பிள்ளை, வாடையிலயும்தான் காத்து இருக்கு, நிப்பாட்டினா அந்த நட்டத்தை ஆர் குடுக்கிறது, அதோட மன்னார்ச் சனம் சொல்லுறது பறவையை மட்டும் இல்லையே, அத்திவாரமும் றோட்டும் போட்டு மழைத் தண்ணி ஓட வழியில்லாமல் வீட்டுக்குள்ள நிக்குது எண்டும் சொல்லுதுகளே எண்டாள். எல்லாம் இங்கிலிஷில. பிழை இருந்தது, ஏன் இல்லாமல். ஆனா ஒரு ஆள் சொன்னதைக் கேட்டு, அதுக்குள்ள ஓட்டையைப் பிடிச்சு, திருப்பிக் குடுக்கிறது எண்ட வேலை நடந்தது. செவ்வாய்க் கிரகத்துக்கு அப்பிடி ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்ல, அங்க போற ரிக்கற் காசு எங்க இருக்கு எண்டு ஒரு பகிடியோட முடிஞ்சது.

கண்ணிவெடி விசயமும் அப்பிடித்தான், இதை எழுதினா நீங்கள் யோசிப்பியள் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழுதுறன். 1997ல ஒட்டாவாவில கையெழுத்தான கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில இலங்கை 2017 டிசம்பரில சேந்தது. 2025ல என்ன நடந்ததெண்டா எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து எல்லாம் ரஷ்யாவுக்குப் பயந்து அதிலயிருந்து விலக முடிவெடுத்தவை. உலக நியூஸ், ஆனா எங்கட முகமாலைக்குள்ள இண்டைக்கும் எங்கட பெண்டுகள் கண்ணிவெடி எடுக்க முழங்காலில இருந்து மண் வழிக்கினம். பின்லாந்துக்காக ஒருத்தன் நல்லா வாதாடினவன், ரஷ்யாவோட 1,300 கிலோமீற்றருக்கு மேல எல்லை, சனத்தொகை கொஞ்சம், அவை வேற என்ன செய்யிறது எண்டு. அப்ப ஒரு பிள்ளை, தாய் அந்த வேலை செய்யிறவ, சொல்ல இங்கிலிஷ் வராமல் எழும்பிப் போய் போர்டில கீறினாள். ஒரு மீற்றர் அகலத்தில ஒரு லேன், ரெண்டு பக்கமும் சிவப்புத் தலை வைச்ச தடி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, கையில றேக், கொஞ்சம் கொஞ்சமா மண்ணை வழிச்சு வழிச்சு முன்னுக்குப் போறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம் எண்டு ஒரு கோடு. கீறிப்போட்டு ஒவ்வொண்டாக் கையை வைச்சுச் சொல்லத் தொடங்கினாள், தெரியாத சொல்லை மற்றவை எடுத்துக் குடுத்தினம். கடைசியில பின்லாந்துத் தம்பியைப் பாத்து, சண்டை முடிஞ்சாப்பிறகு உங்கட நாட்டில இதை ஆரின்ர அம்மா செய்யிறது எண்டு கேட்டாள். அவன் விடேல்ல, சண்டையே வராமல் தடுக்கத்தானே போடுறம் எண்டான். மணி அடிச்சும் ஒருத்தரும் போகேல்ல. இதைத்தான் சர்ச்சை எண்டு நீங்கள் வெட்டச் சொல்லுறியள்.

சயன்ஸ் எண்டா இன்னும் வசதி, ஏனெண்டா அதில உறுதியாச் சொல்ல ஏலாததை எப்பிடிச் சொல்லுறது எண்டு பழக்கலாம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எத்தினை வீட்டில இருக்கு எண்டு உங்களுக்கே தெரியும். 1990களில வடமத்திய மாகாணத்தில கவனத்துக்கு வந்த நோய், நீரிழிவோ பிறஷரோ இல்லாமல் வயலில வேலை செய்யிறவைக்கு வருது, என்ன காரணம் எண்டு இன்னும் தீர்க்கமா முடிவாகேல்ல. பிள்ளையள் வந்து இருந்த உடன மருந்தும் உரமும்தான் காரணம், முடிஞ்சுது கதை எண்டுவினம். பிறகு வாசிச்சா கிணத்துத் தண்ணியின்ர கடினத்தன்மை, புளோரைட், பூச்சி மருந்து, பார உலோகம், வெயிலுக்க தண்ணி குடியாமல் வேலை செய்யிறது எண்டு கனக்கக் கருதுகோள், ஒண்டோடொண்டு சேந்தும் இருக்கலாம் எண்டும் சொல்லினம். அப்பதான் 'இருக்கலாம்', 'போல இருக்கு', 'இதுவரை கிடைச்ச தரவின்படி' எண்ட மாதிரிக் கதைக்கிற இங்கிலிஷ் தேவைப்படுது. வெறும் கிறமர் பாடமாக் குடுத்தா கொட்டாவி விடுவினம், தாத்தா டயாலிசிசுக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு அது தேவையா இருக்கு.

2021 ஏப்ரலில ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில எடுத்த கதையும் அப்பிடித்தான், 'அப்பிடிச் செய்யாமல் விட்டிருந்தா இப்பிடி நடந்திருக்கும்' எண்ட வாக்கியத்துக்கு அதை விட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில இருக்கு, சொல்லுங்கோ. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடுக்கிறதோ இல்லையோ எண்ட பழைய சண்டை, அதுக்குப் பிறகு 2024 ஓகஸ்டில தாளையடியில திறந்த கடல்தண்ணியை நன்னீராக்கிற திட்டம், நாளுக்கு 24,000 கனமீற்றர், அழுத்தம் குடுத்து மென்சவ்வுக்குள்ளால தள்ளுறது, மிஞ்சின உப்புத் தண்ணி திரும்பக் கடலுக்குப் போறது, மீன்பிடிக்கிறவையின்ர பயம், அதுக்குச் செலவாகிற கரண்ட். ஒரு மாசத்துக்குக் காணும்.

ஊர் விசயம் மட்டும்தான் கதைக்கவேணும் எண்டு நான் சொல்லேல்ல, பிள்ளையளைக் கிணத்துத் தவளையாக்கிற எண்ணம் இல்லை. 2023 ஓகஸ்டில சந்திரயான்-3 நிலவின்ர தென்துருவப் பக்கம் இறங்கினதைப் பற்றிக் கதைச்ச கிளாஸ் நல்லாத்தான் போனது. ஆனா அதுக்கும் வாசிக்க ஒரு பக்கம் வேணும், ரெண்டு பக்க நியாயம் வேணும், கதைக்க முதல் தங்களுக்குள்ள தமிழில பத்து நிமிசம் அடிபட நேரம் வேணும். தமிழில யோசிக்கவே விடாதேங்கோ எண்டு ஒரு அக்கா மெயில் போட்டிருந்தா. மன்னிக்கவேணும் அக்கா, தமிழிலயே சொல்லக் கருத்தில்லாத ஆள் இங்கிலிஷில எதைச் சொல்லுறது. இன்னொண்டு, பொது ரொபிக் குடுத்தா இப்ப எல்லாரும் சட்ஜிபிடியில எழுதி எடுத்துக்கொண்டு வந்து வாசிக்கினம், எல்லாற்ற வாயிலயும் ஒரே வசனம். தங்கட வாய்க்காலில எத்தினை நாளுக்கு ஒருக்காத் தண்ணி வருது எண்டதை அது எழுதிக் குடாது.

இனி எங்கட ஆக்களோட இங்கிலிஷில கதைச்சுப் பழக்க சூமில வாற உங்கட பிள்ளையளைப் பற்றி. நல்ல பிள்ளையள், ஞாயிறு நித்திரையை விட்டிட்டு வருகினம், எங்கட ஆக்களுக்கும் அவையில சரியான விருப்பம். ஒரு சின்ன விசயம்தான். இஞ்ச ஒரு பிள்ளை பேசாமல் இருந்தா தெரியாமல் இருக்கிறா எண்டு நினைச்சு உடன தாங்களே கதைச்சு நிரப்பினம். அவ வசனம் கட்டிக்கொண்டு இருக்கிறா, கொஞ்சம் பொறுத்தா வரும். நடுவில நிப்பாட்டித் திருத்தவும் வேண்டாம், பிழையை எழுதி வைச்சுக் கடைசியில எனக்கு அனுப்பினாக் காணும், நான் பேர் சொல்லாமல் போர்டில போடுவன்.

மற்றது, சண்டையில ஆரைப் பறிகுடுத்தனீங்கள் எண்டு கேக்கவேண்டாம் எண்டு அவைக்கு வடிவாச் சொல்லி விடுங்கோ. கெட்ட எண்ணத்தில கேக்கிறேல்ல எண்டு தெரியும். ஆனா காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில றோட்டோரம் இருக்கத் தொடங்கினவை, அந்த வீட்டுப் பிள்ளையள் எங்கட கிளாசில இருக்கினம். அதை நான் டிபேட் ஆக்கமாட்டன், அதுக்கு ரெண்டு பக்கம் இல்லை. பிள்ளை தானா எடுத்தா எல்லாரும் இருந்து கேப்பம். அதே மாதிரி ஆண்டுவிழா டின்னரில போட அழுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லாதேங்கோ, காத்தாலைச் சண்டையை எடுத்து அனுப்புறன், அதைப் போடுங்கோ, காசு கூடச் சேரும்.

நேரமும் மாத்தவேணும். ரொறன்ரோவில காலமை ஒம்பதரை எண்டா இஞ்ச இரவு ஏழு, உங்கட குளிர்காலத்தில எட்டு. உள்ளுக்குள்ள இருந்து வாற பெம்பிளைப் பிள்ளையளுக்கு அந்த நேரம் பஸ் இல்லை, யானை நிக்கிற றோட்டால சைக்கிளில போகச் சொல்ல ஏலாது. லண்டனில ஞாயிறு காலமை பத்து எண்டா இஞ்ச பின்னேரம் ரெண்டரை, குளிர்காலத்தில மூண்டரை. மேல் குறூப்பை லண்டன், பாரிஸ் ஆக்களிட்டக் குடுங்கோ, கனடாப் பிள்ளையள் எழுத்து வேலையைத் திருத்தட்டும், அதுக்கு நேரகாலம் இல்லை.

ரொபிக் லிஸ்டை இனி இஞ்ச நாங்கள் போடுறம். எது அடுத்தது எண்டு பிள்ளையள்தான் கை உயர்த்தித் தெரிவு செய்வினம், உங்களுக்குப் பிடிக்காதது ஒண்டு வந்தா ஏன் பிடிக்கேல்ல எண்டு கிளாசுக்கே சூமில வந்து இங்கிலிஷில சொல்லுங்கோ, அவை பதில் சொல்லுவினம். அடுத்ததுக்கு 2018 டிசம்பர் வெள்ளமும் இரணைமடுக் கதவுகளும் எண்டு ஏற்கனவே முடிவாகிட்டுது. கதவை முந்தியே திறந்திருக்கவேணும் எண்டு ஒரு பக்கம், முந்தித் திறந்து பிறகு மழை பெய்யாட்டி சிறுபோக (கோடைகால) நெல்லுக்கு என்ன செய்யிறது எண்டு மற்றப் பக்கம். ரெண்டாவது பக்கத்துக்கு ஆள் குறைவா இருக்கு, உங்களுக்குள்ள நீர்ப்பாசனமோ சிவில் இஞ்சினியரிங்கோ படிச்ச ஆள் ஒருத்தர் இருந்தா அனுப்பி விடுங்கோ. வாசிக்கிற பக்கத்தை வெள்ளிக்கிழமை குறூப்பில போடுறன், வாறவர் வாசிச்சிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிற ஒரு இங்கிலிஷ் சேர்