சுங்கான் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் அன்பான அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

ஊரில் நம் பெரியவர்கள் சுங்கான் என்று சொன்ன புகைக்குழாயை இலண்டனில் தேடிச் சேகரித்தும் பழுதுபார்த்தும் பேணிவரும் இச்சிறு சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவ்வாண்டில் நமது நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை, ஓர் அங்கத்தவர் தம் மறைந்த மாமனாரின் பெட்டியோடு கொண்டுவந்து ஒப்படைத்த பழைய சுங்கான்களே. அவை அனைத்தும் பிரையர் எனப்படும், மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் ஒரு புதர்மரத்தின் வேர்க்கழலையில் கடைந்தெடுத்தவை. புகையிலை இடும் கிண்ணங்களில் தடித்திருந்த கரியைச் சுரண்டியபோது, மரத்தை நெருப்பிலிருந்து காப்பது அந்தக் கரியே என்பதால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுவைத்தோம். மரத்தில் ஊறிப்போன புகையிலைத் தாரை இழுக்கச் சிலர் உப்பைப் பயன்படுத்துவதுண்டு; மரம் வெடித்துவிடுமோ என்ற அச்சத்தால் நாம் பஞ்சை அடைத்து, அற்ககோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைத்தோம். காலையில் பஞ்சு தேயிலைச் சாயம்போல் பழுப்பேறியிருந்தது. எபோனைட் வாய்க்குழல்கள், கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர் ஆதலால், வெளிச்சம் பட்டுப் பச்சை கலந்த பழுப்பு நிறமாகியிருந்தன. நீரில் நனைத்த நுண்ணிய மணல்தாளால் பல நாள்கள் தேய்த்த பின்னரே அவற்றின் கருமை திரும்பியது.

இவ்விடத்தில் என் தவறொன்றை அறிக்கையில் பதிவுசெய்ய வேண்டியவனாக இருக்கிறேன். அப்பெட்டியில் டப்ளின் நகரின் பீட்டர்சன் நிறுவனத்தார் செய்த சுங்கான் ஒன்று இருந்தது. அந்நிறுவனம் காம்பில் பொறித்த நாட்டின் பெயரைக் கொண்டே அதன் காலத்தைக் கணிக்கலாம்: அயர்லாந்து சுதந்திர அரசு என்றிருந்தால் 1922க்கும் 1937க்கும் இடைப்பட்டது, அயர்லாந்துக் குடியரசு என்றிருந்தால் 1949க்குப் பிற்பட்டது. மெருகுச் சில்லில் அதைச் சற்று அழுத்திப் பிடித்தேன். மரம் கண்ணாடிபோல் மின்னியது, ஆனால் நாட்டின் பெயரிருந்த வரி மறைந்துபோயிற்று. அந்த அங்கத்தவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய மாமனார் அதை எந்தக் காலத்தில் வாங்கியிருப்பார் என்று அறிய இருந்த ஒரே தடயத்தை நான் அழித்துவிட்டேன் என்பதை நினைக்கையில் இன்றும் மனம் கனக்கிறது. இனி எந்தச் சுங்கானையும் தொடுமுன் அதன் பொறிப்பைப் படமெடுத்துப் பதிவேட்டில் சேர்ப்பதென்றும், பொறிப்பின்மேல் நாடா ஒட்டிச் சுற்றியுள்ள பகுதியைக் கையால் மட்டுமே துடைப்பதென்றும் கூட்டத்தில் முடிவாயிற்று. வெள்ளிப் பூணுள்ளவற்றுக்கும் இது பொருந்தும். வெள்ளியைச் சோதித்து இடும் பர்மிங்காமின் நங்கூர முத்திரையும், அருகில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் தேய்ந்துவிட்டால் வயதைச் சொல்ல வேறு வழியில்லை.

தேம்சு ஆற்றங்கரை நடைப்பயணம் இவ்வாண்டின் மிகச் சிறந்த நாள் என்பேன். உரிமமின்றி அங்கே எதையும் தேடி எடுக்க முடியாது என்பதால், உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் தாம் முன்பு கண்டெடுத்த வெண்களிமண் சுங்கான் துண்டுகளைக் காட்டி விளக்கினார். புகையிலை அரிதாக இருந்த காலத்துக் கிண்ணம் விரல்நுனிதான் நுழையும் அளவு. புகையிலை மலிவானபோது கிண்ணமும் பெருத்தது. காம்பின் துளையோ காலம் செல்லச் செல்லச் சிறுத்தது. இதைத் துரப்பண ஊசிகளால் அளந்து, காலத்தைக் கணிக்கும் முறையை 1954இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் வெளியிட்டார்: அங்குலத்தில் 64இல் 9 பங்கு துளை பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும், 4 பங்கு துளை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் உரியவை. முத்திரையே இல்லாத ஓர் உடைந்த துண்டு வெறும் துளையால் தன் காலத்தை ஏறத்தாழச் சொல்வதைக் கண்டு நாம் நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

இங்கிலாந்தில் மூடிய பொதுவிடங்களில் புகைத்தல் 2007 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளதால், புகைப்போர் தோட்டத்திலேயே கூடினர். புகைத்தல் உடலுக்குக் கேடு என்பதை நாம் ஒருபோதும் மறைத்ததில்லை; நம்மில் பலர் சேகரிப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள். புகைப்போருக்கு இரண்டு வேண்டுகோள்கள்: சூடு ஆறுமுன் வாய்க்குழலைக் கழற்றாதீர்கள், காம்பு வெடிக்கும்; ஒருமுறை புகைத்த சுங்கானை ஒரு நாளாவது ஆறவிடுங்கள்.

பொறிப்புப் பதிவேட்டைத் தொடங்கிவிட்டோம். உங்கள் வீட்டிலுள்ளவற்றின் படங்களை அடுத்த கூட்டத்துக்கு முன் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்