பாப்பாவுக்கு, அந்தப் பன்னிரண்டு படங்களைப் பற்றி

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஆடி பிறந்துவிட்டது, கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மற்ற சேதியைக் கடைசியில் எழுதுகிறேன்.

போன தடவை பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "சூப்பர் ஹீரோ படம்னாலே அரைச்ச மாவும்மா, அனிமேஷன்ல எடுத்தா மட்டும் புதுசா ஆயிடுமா?" என்றாய். அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. என் இரண்டாம் வருஷ அனிமேஷன் பிள்ளைகளுக்குப் போர்டில் வரைந்து காட்டுவதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

கதை அரைத்த மாவுதான், ஒத்துக்கொள்கிறேன். சாதாரணப் பையன், திடீரென்று ஒரு சக்தி, வீட்டில் ஒரு சாவு, ஒரு வில்லன், கடைசியில் ஊரைக் காப்பாற்றுவான். ஆனால் நம் பக்கத்துக் கூத்தில் பதினெட்டாம் போரின் முடிவு தெரியாமல் யார் வந்து பாயை விரிக்கிறார்கள்? துரியோதனன் தொடை பிளந்து விழுவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் திரைக்குப் பின்னாலிருந்து அந்த வேஷம் முதல் அடி எடுத்து வைக்கும்போது தூங்கினவர்கள்கூட எழுந்து உட்காருகிறார்கள். துரியோதனன் அடவு வேறு, வீமன் அடவு வேறு, கட்டியக்காரன் துள்ளல் வேறு. ஆள் யாரென்று பாட்டு சொல்வதற்கு முன்னால் கால் சொல்லிவிடும். அனிமேஷனில் நீ தேடும் புதுசும் அந்தக் காலில்தான் இருக்கிறது.

புதுக் கருவி கொண்டுவரும் புதுமை நீடிக்காது. 1956-ல் நம் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தபோது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்பதே பெரிய அதிசயம். மற்றவர்களும் வண்ணத்துக்கு வந்ததும் அந்த அதிசயம் தீர்ந்தது. இன்றைக்கும் ஜனங்கள் அதைப் பார்ப்பது எம்.ஜி.ஆருக்கும் பானுமதிக்கும் தங்கவேலுவுக்கும்தான். கம்ப்யூட்டர் அனிமேஷனுக்கும் அதே கதி வந்தது. 1995-ல் முதல் முழுநீளப் படம் வந்தபோது கண் கொட்டாமல் பார்த்தார்கள். பிறகு எல்லா ஸ்டுடியோவும் ஒரே மாதிரி வழுவழுப்பான தோல், ஒரே மாதிரி வெளிச்சம், ஒரே மாதிரி மோஷன் ப்ளர் (வேகமாக நகர்வது மங்கலாக இழுபடுவது) என்று ஆகிப்போனது.

2018 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர் மேன்: இன்டு தி ஸ்பைடர் வெர்ஸ்' அந்த வழுவழுப்பைத்தான் முதலில் தூக்கிப் போட்டது. பாப் பெர்சிச்செட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மன் என்று மூன்று இயக்குநர்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு போஸை இரண்டு ஃபிரேம் நிறுத்தினார்கள். அதாவது நொடிக்குப் 12 படங்கள், நாங்கள் காகிதத்தில் வரைந்த காலத்து 'டூஸ்'. மோஷன் ப்ளர் கிடையாது. வேகத்தைக் காட்ட கையை இழுத்து நீட்டி ஸ்மியர் போட்டார்கள், காமிக்ஸ் மாதிரி கோடு போட்டார்கள். ப்ளர் இல்லாததால் எந்த ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தாலும் அது முழுசான ஒரு படமாக நிற்கிறது. நிறுத்திப் பார், பாப்பா. நீ படம் பார்க்கும்போதுகூட ஓட்டி ஓட்டிப் பார்க்கிற ஆள்.

காட்டுக்குள், புதிதாகச் சக்தி கிடைத்த பையன் மைல்ஸும் பழைய ஸ்பைடர் மேனான அந்த வயசான பீட்டரும் மரத்துக்கு மரம் நூல் விட்டுத் தாவுகிற காட்சியை என் பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுவேன். பீட்டர் ஒன்ஸில் ஓடுகிறான், 24 படங்களும் வேறு வேறு. பக்கத்திலேயே மைல்ஸ் டூஸில் தடுமாறுகிறான். ஒரே காட்சியில் இரண்டு கணக்கு. பார்க்கிறவருக்கு ஃபிரேம் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஒருவன் தேர்ந்தவன், ஒருவன் இப்போதுதான் கற்கிறான் என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடுகிறது. பின்னால் மைல்ஸ் தன் உடம்பைப் புரிந்துகொண்டு பறக்கிற இடத்தில் அவன் அசைவும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அவன் கட்டிடத்திலிருந்து குதிக்கும்போது விரலில் ஒட்டிய கண்ணாடி உடைந்து கூடவே வருகிறது, கவனித்தாயா? பயம் இன்னும் விரலில் இருக்கிறது, ஆனாலும் குதித்துவிட்டான். கேமராவைத் தலைகீழாகத் திருப்பிவிட்டதால் விழுகிறவன் மேலே எழும்புகிற மாதிரி தெரிகிறது. அந்த இடத்தில் தியேட்டரில் கை தட்டாதவர்கள் குறைவு. புதுக்கதை ஏதும் அங்கே நடக்கவில்லை.

நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ரெண்டு மணிக்கு, கம்ப்யூட்டர் ஷாட்டை முழுப் படமாக்கித் தருகிற ரெண்டரைப் பார்த்துக்கொண்டு பிரெட்டை மெல்லாதே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தூக்கத்தில் மரத்துப் போகிறது என்று பொங்கல் சமயத்தில் சொன்னாய். அது மணிக்கட்டு நரம்பு அழுத்தமாக இருக்கலாம். டேப்லெட்டைச் சாய்த்து வை, மணிக்கட்டு மடங்காமல் முழங்கையிலிருந்து வரை, அரைமணிக்கு ஒருதரம் பேனாவைக் கீழே வை. டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன், பதில் இல்லை.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது நம் வீட்டுச் சொத்து. அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது "ரிஜிஸ்டர் தப்பியிருக்கு" என்றுதான். தப்பித்தான் இருந்தது, வேண்டுமென்றே. நாலு கலர் ஆஃப்செட்டில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒன்று நகர்ந்தால் ஓரத்தில் வேறு நிறம் பிதுங்கும்; காலண்டர் பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தப் படத்தில் ஃபோக்கஸுக்கு வெளியே இருக்கிற கட்டிடத்தை மங்கலாக்குவதற்குப் பதில் நிறங்களை இப்படிப் பிரித்துவிட்டார்கள். கேமரா லென்ஸ் செய்கிற வேலையை அச்சுப் பிழை செய்கிறது. நிழலில் டாட் (அச்சுப் புள்ளி), கன்னத்தில் குறுக்குக்கோடு, முகத்தில் கையால் போட்ட மைக்கோடு.

டாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை, உன் படத்துக்கு உதவும். அச்சில் கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0 என்று ஸ்கிரீனை, அதாவது டாட் வரிசையைத் திருப்பி வைப்பார்கள். கோணம் மாறினால் மொய்ரே, அதாவது வேண்டாத அலைக்கோலம் விழும். அனிமேஷனில் அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. டாட்டைத் திரையோடு ஒட்டினால், உருவம் நகரும்போது டாட் நகராமல் அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நடக்கிற மாதிரி தெரியும். உருவத்தின் தோலோடு ஒட்டினால், அது கேமராவுக்குக் கிட்டே வரும்போது டாட் ஊதிப் பெருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஷாட்டுக்கு ஷாட் கை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரு பட்டனைத் தட்டி முடிகிற வேலை இல்லை.

டூஸும் அப்படியே. ஒன்ஸில் செய்து முடித்துவிட்டு ஒன்று விட்டு ஒன்றைத் தூக்கிவிட்டால் டூஸ் ஆகிவிடும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். அழுத்தமான போஸ் தூக்கிவிடுகிற ஃபிரேமில் மாட்டிக்கொண்டு காணாமல் போகும். முதலிலிருந்தே அந்தக் கணக்கில் டைமிங் போட வேண்டும். கேமரா ஒன்ஸில் நகர்ந்து ஆள் டூஸில் நடந்தால், பின்னணிக்கு முன்னால் ஆள் நடுங்குவான். அவன் இடம் மாறுவதைக் கேமராவோடு ஒன்ஸில் வைத்து, கை கால் போஸை மட்டும் டூஸில் வை. துணியின் அசைவைக் கம்ப்யூட்டரே கணக்கிடுகிற சிமுலேஷன் போட்டால் வெட்டி வெட்டிப் போகிற உடம்பின்மேல் பாவாடை உதறிக்கொண்டு நிற்கும். வழுக்கலான அசைவில் சிமுலேஷன் எடுத்து, அப்புறம் டூஸுக்குக் குறைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்றால், சக்தி கிடைத்த உடம்பின் சந்தோஷத்தைக் காட்டத்தான். நிஜ ஆளை வைத்து எடுக்கிற படத்தில் கயிற்றைக் கட்டித் தூக்குகிறார்கள். என்ன செய்தாலும் இடுப்பில் எடை தெரிந்துவிடும். வரைகிறவளுக்கு அந்தக் கயிறு இல்லை. 1941-ல் ஃப்ளைஷர் ஸ்டுடியோ சூப்பர்மேனைக் குறும்படமாக எடுத்தபோது, காமிக்ஸில் தாவிக்கொண்டிருந்தவனைப் பறக்கவிட்டது, தாவித் தாவிப் போவது திரையில் நன்றாக இல்லை என்று. 2004-ல் பிராட் பேர்ட் எடுத்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் அந்தப் பொடியன் துரத்துகிறவர்களிடமிருந்து ஓடுகிறான், ஓடுகிறான், கீழே பார்த்தால் தண்ணீர்மேல் ஓடிக்கொண்டிருக்கிறான். சிரித்துவிடுகிறான். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அந்தச் சிரிப்பு! எனக்கு அந்த ஒரு சிரிப்பு போதும், மற்றதெல்லாம் சண்டை.

2023-ல் வந்த அடுத்த ஸ்பைடர் வெர்ஸ் படத்தில் இன்னொரு ஸ்பைடர் பெண்ணான க்வென்னின் உலகம் வாட்டர் கலரில் கரைந்து அவள் மனசுக்குத் தக்கபடி நிறம் மாறும். கிட்டார் வைத்திருக்கிற அந்த பங்க் ஸ்பைடர் பையனுக்கு உடம்பு ஒரு ஃபிரேம் கணக்கில், வெளிக்கோடு ஒரு கணக்கில், கிட்டார் வேறொரு கணக்கில் ஓடும். மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்த மும்பாட்டன் நகரில் நம்மூர்ப் பையன் பவித்ர். எல்லாம் அற்புதம். ஆனால் அதில் வேலை பார்த்தவர்களில் பலர் நெருக்கடி தாங்காமல் பாதியிலேயே விலகிவிட்டார்கள் என்று அந்த வருஷமே பத்திரிகைகளில் வந்தது. முடிந்த ஷாட்டைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னார்களாம். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் ஸ்டுடியோவைப் பற்றி நான் கேட்கவில்லை. உன் வேலை மாதிரிகளைக் காட்டுகிற ரீல் இருந்த பக்கம் இரண்டு நாளாகத் திறக்கவில்லை, லிங்க் மாறியிருக்கும். விலகினவர்களுக்குக் கை மறந்துபோவதில்லை, அதை மட்டும் சொல்கிறேன். சித்தி கேட்டபோது "மான்ட்ரியால்ல பெரிய படத்துல இருக்கா" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்குப் பெருமைதான். நீ எங்கே இருந்தாலும் சொல்வேன். ஆனால் ஒரு வார்த்தை நீயே சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன் என்று ஒரு மெசேஜ் போதும் எங்களுக்கு.

நீ பாதியில் விட்டுப்போன படத்தின் செவ்வாய்ப்பேட்டைப் பொண்ணை எடுத்துப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறாள். நீ விட்டுப்போனதில் நல்லது நிறைய இருக்கிறது, கூரைக்குக் கூரை ஓடுகிற இடத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடிக்கிற கையை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பட்டறைத் திண்ணையிலிருந்து குதிக்கிற ஷாட்தான் சரியில்லை. அதனால்தான் உனக்கு மொத்தப் படமும் அரைச்ச மாவாகத் தெரிந்திருக்கும். அது கதையின் குறை இல்லை, இடைவெளியின் குறை.

திண்ணை உயரம் 1.2 மீட்டர் வைத்திருக்கிறாய். அவ்வளவு உயரத்திலிருந்து விழ அரை நொடி ஆகும், 12 ஃபிரேம். டூஸில் 6 படம். நீ ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏறக்குறைய 20 செ.மீ. சமமாக விட்டிருக்கிறாய், அதனால் எடையே இல்லாமல் இறங்குகிறாள். விழுகிற பொருளின் இடைவெளி 1, 3, 5, 7, 9, 11 என்று வளர வேண்டும், கூட்டினால் 36. 120 செ.மீ.யை 36-ஆல் வகுத்தால் முதல் இடைவெளி 3.3 செ.மீ., கடைசி இடைவெளி 36.7 செ.மீ. குதிக்கும் முன் மேலே ஒரு போஸை இரண்டு படம் கூடுதலாக நிறுத்தினால் அவள் சாதாரணப் பிள்ளை இல்லை என்று தெரியும். அதற்கு மேல் நிறுத்தினால் பலூன் ஆகிவிடுவாள். கால் தரையில் பட்ட அடுத்த படத்தில் முட்டி முழுக்க மடங்கட்டும். கொலுசு மட்டும் ஒரு படம் தாமதமாக வந்து அடிக்கட்டும், சத்தமும் அங்கேதான். அப்புறம் நிமிரும்போது சிரிக்கட்டும். நீ இப்போது அவளை முறைக்க வைத்திருக்கிறாய். முதல் தடவை குதித்துத் தப்பித்தவள் எதற்கு முறைக்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமை நமக்கு ராத்திரி எட்டு மணி, உனக்குக் காலை பத்தரை. ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், அப்பா வேண்டாத கேள்வி எதுவும் கேட்க மாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஆறு படத்தைப் பென்சிலில் போட்டு, ஃபோனில் படம் பிடித்து அனுப்பு. ரெண்டர் வேண்டாம், க்ளீனப் வேண்டாம். கை வலித்தால் அதுவும் வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அம்மா