நாற்காலியில் பிரிக்காத உறை

கும்பகோணம்
ஆனி 10

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. வைகாசி முகூர்த்த வியாபாரம் ஓயட்டும் என்று முதலில் தள்ளிவைத்தேன். அது ஓய்ந்த பிறகும் எழுதாததற்குக் காரணம் வேறு. நீ கேட்டிருந்த கேள்விக்குப் போன வருடம் என்றால் அன்றே பதில் போட்டிருப்பேன். அந்தப் பதில் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். உனக்கு எதற்கும் உதவியிருக்காது.

ஓசூர் ஆலையில் உன் பிரிவிலிருந்து ஆறு மாதத்தில் மூன்று நல்ல ஆட்கள் போய்விட்டார்கள், மூவரில் ஒருவர்கூடச் சம்பளத்தைக் காரணமாகச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். "உன் கடையில் மட்டும் பத்து வருடம், இருபது வருடம் என்று அதே முகங்கள் இருக்கின்றனவே, எப்படி வைத்திருக்கிறாய்?" என்றும் கேட்டிருந்தாய். இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அப்பா காலத்தில் சேர்ந்தவர்களே ஏழு பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. பிள்ளை படிப்புக்கு வாங்கிய முன்பணம் இன்னும் கழியாததால் சிலரும், இரவு கடை அடைத்ததும் தங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து பிடிக்க இந்த ஒரு கடையிலிருந்துதான் முடியும் என்பதால் சிலரும் இருக்கிறார்கள் என்பதை இந்தத் தை மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அத்தனையையும் விசுவாசம் என்ற தலைப்பில் என் வரவில் எழுதிவைத்திருந்தேன்.

தை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் வியாபாரம் முடிந்து சரக்கு இருப்பு எடுக்கும் நேரத்தில், சேலைப் பிரிவு மேற்பார்வையாளரின் மகள் திருமணம் வந்ததால் அவர் ஒன்பது நாள் விடுப்பில் போனார். அவர் இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லாமல் நானே இரண்டாம் மாடிக்குப் போனேன். வழக்கமாக நான் கீழே கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அறையிலிருந்துதான் கடையைப் பார்ப்பேன். திரையில் பன்னிரண்டு கேமராக்களின் படமும் ஓடிக்கொண்டிருக்கும். மாடியில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன்.

இரண்டாம் நாள், பருத்திச் சேலைக் கட்டுகளை எண்ணக் கவுண்டருக்கு அடியில் குனிந்தபோது ஒரு முக்காலி தட்டுப்பட்டது. அதன்மேல் பிளவுஸ் பிட் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், இருக்கையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. கடையில் வந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, மேலே மட்டும் தூசி படிந்து இருந்தது. அந்த மாடிக்கு வாங்கிய பதினான்கையும் தேடிப் பார்த்தேன். ஆறில் உறை அப்படியே இருந்தது. மற்றவை ஏணிக்குப் பதிலாக ஏறி நிற்கப் பயன்பட்டிருந்தன.

அவை எப்போது வாங்கியவை என்பது உனக்கு நினைவிருக்கும். அப்போது தொலைபேசியில் பேசினோம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று அமைப்பாகச் சேர்ந்து, கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதன் பலனாக 2018-ல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலை நேரம் முழுவதும் ஊழியர்கள் நின்றுகொண்டே இருக்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெரிய தெருவில் முதலில் முக்காலி வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்று உன்னிடம் நான் பெருமையாகச் சொன்னேன். வாங்கிப் போட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

ஏன் யாரும் உட்காரவில்லை என்று அங்கிருந்த மூத்த அம்மாவிடம் கேட்டேன். இருபத்திரண்டு வருடமாகப் பட்டுப் பிரிவில் இருப்பவர். முதலில், "பழக்கம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுச் சேலை மடித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றேன். மடித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாற்காலி வந்த முதல் வாரம் ஒரு பிள்ளை உட்கார்ந்துச்சு, சின்ன முதலாளி. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். கூட்டமே இல்லை. கீழேயிருந்து நீங்க போன் பண்ணி, அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லையான்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் யாரும் உட்காரலை."

எனக்கு அது நினைவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்த பிறகு மெல்ல நினைவு வந்தது. குழந்தைகள் பிரிவில் அன்று ஆள் குறைவு. திரையில் அந்தப் பெண் சும்மா இருப்பதைப் பார்த்து, அவளைக் கீழே அனுப்பலாமா என்று கேட்கத்தான் போனை எடுத்தேன். திட்ட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் நான் என்ன நினைத்தேன் என்பது மாடியில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? முதலாளி வாயிலிருந்து வந்த நான்கு சொற்கள் மேற்பார்வையாளர் வழியாகப் பதினான்கு பேருக்குப் போய்ச் சேர்ந்து, அந்த மாடியின் சட்டமாகி, சட்டமன்றம் செய்த சட்டத்தைச் செல்லாமல் செய்துவிட்டன. எனக்கோ அது அன்றைய நூறு பேச்சில் ஒன்று. தேநீர் ஆறுவதற்குள் மறந்துபோனது.

நண்பா, உனக்கு எழுத வேண்டும் என்று நான் நினைத்தது இதைத்தான். நம்மைப் போன்றவர்கள் பேசிவிட்டு மறந்துவிடுகிறோம். நமக்குக் கீழே இருப்பவர்கள் கிழமையோடு நினைவு வைத்திருக்கிறார்கள். நான் செய்த நிர்வாகத்தில் பெரும்பகுதி, நான் யோசித்து எடுத்த முடிவுகளில் இல்லை, யோசிக்காமல் சொன்ன சொற்களில் இருந்திருக்கிறது.

மீதி ஏழு நாளும் நான் அவர்களோடு நின்றேன். செருப்பில்லாமல் பளிங்குத் தரையில் நிற்க வேண்டும். காலையில் தெரியாது. மாலை நான்கு மணிக்குக் கெண்டைக்கால் இறுகத் தொடங்கும். ஏழு மணிக்கு மேல் இடுப்புக்குக் கீழே யாருடைய கால் என்றே தெரியாது. நம் குடும்ப மருத்துவரிடம் கேட்டபோது விளக்கினார். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அது நடப்பதில்லை, ரத்தம் தேங்கி நாளடைவில் காலின் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுவிடுகின்றன என்றார். எங்கள் பட்டுப் பிரிவில் மூன்று பேர் கணுக்காலுக்கு மேல் துணி சுற்றிக்கொண்டு வருவது ஏன் என்று அப்போது புரிந்தது. அதைவிட என்னை வருத்தியது தண்ணீர் பாட்டில்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் மதியம் வரை நிரம்பியே இருக்கும். கழிப்பறை மொட்டை மாடியில். போக மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். ஆண்களிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இருபத்திரண்டு வருடம்!

நிற்பது வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை, நம் தொழிலின் வழக்கம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் தவறு. தாத்தா காலத்துக் கடை உனக்குத் தெரியாது. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். திருபுவனத்துப் பட்டை வாங்க வந்த குடும்பமும் எதிரே உட்கார்ந்துகொள்ளும். சேலையை மடியில் விரித்து, முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, நீர்மோர் குடித்துக்கொண்டே அரை நாள் வியாபாரம் நடக்கும். விற்றவர் உட்கார்ந்திருந்ததை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கவுண்டர் போட்டபோதுதான் எங்கள் கடையில் விற்பவர் எழுந்து நின்றார். ஒரு தலைமுறைக்கு முன் நாங்கள் செய்த மாற்றத்தை மரபு என்று பெயரிட்டுக் காத்துவந்திருக்கிறேன்.

பிறகு என்ன செய்தேன் என்று கேட்பாய். அடுத்த சனிக்கிழமை கடை திறக்கும் முன் எல்லோரையும் கூட்டி, அந்தத் தொலைபேசிப் பேச்சைக் குறிப்பிட்டு, அது என் தவறு என்று சொன்னேன். அந்தப் பெண் இப்போது எங்களிடம் இல்லை, கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல முடியாதது எனக்கு இன்னும் குறைதான். மாடிக் கேமராக்களை என் அறைத் திரையிலிருந்து நீக்கச் செய்தேன். பதிவு ஓடுகிறது, திருட்டு என்றால் எடுத்துப் பார்க்கலாம். வாசலும் கல்லாவும் மட்டும் திரையில் இருக்கின்றன. இரண்டாம் மாடியிலேயே சரக்கு அறையில் ஒரு பகுதியை இடித்துப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினோம். நாற்பது கட்டு வைக்கும் இடம் போனது என்று தம்பிக்கு இன்னும் வருத்தம்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு வாரம் ஒருவரும் உட்காரவில்லை. நான் சொன்னதை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அதன்பின் கூட்டமில்லாத மதிய நேரத்தில் நானே மாடிக்குப் போய், ஒரு முக்காலியின் உறையைப் பிரித்து உட்கார்ந்தேன். மேற்பார்வையாளரையும் உட்காரச் சொன்னேன். அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். "உட்கார விட்டுட்டு, அப்புறம் வேலை வாங்கலைன்னு நீங்க என்னைக் கேட்கக்கூடாதுங்க" என்றார். பதினைந்து வருடமாக அவரை அப்படிப் பழக்கியவன் நான். ஒரே நாளில் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. அதனால் மாடியில் யாரைப் பற்றியும் அவரிடம் போனில் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்க வேண்டியிருந்தால் படியேறிப் போகிறேன். ஏறும்போதே பாதிக் கேள்விகள் தேவையில்லை என்று தெரிந்துவிடுகிறது.

இரவில் கல்லா எண்ணும் முன் ஒரு பழைய நாள்வழிக் குறிப்பேட்டில் மூன்று நான்கு வரி எழுதுகிறேன். யாரிடம் என்ன சொன்னேன், யார் பேச வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்கள் என்பது மட்டும். ஒரு நாள் பக்கத்தை அப்படியே தருகிறேன்: "பேக்கிங் பையனை வாடிக்கையாளர் முன் சத்தம் போட்டேன். பிளவுஸ் பிட் மாறிப்போனது அவனால் இல்லை, பில் போடும்போது இரண்டு பையையும் நகர்த்திவைத்தது நான். அவன் பதில் பேசவில்லை. நாளை அவனிடம் சொல்ல வேண்டும்." சொன்னேன். சில நாள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் எழுதாத நாள்களில் நான் யாரிடமும் தவறாகப் பேசவில்லை என்றே மனம் சொல்லிவிடுகிறது; அதனால் விடாமல் எழுதுகிறேன்.

வியாபாரம் கூடியதா என்றால், இதனால் கூடியது என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஒன்று மட்டும் நடந்தது. பங்குனியில் அந்த மூத்த அம்மாவே என்னிடம் வந்து, ஒரு குறிப்பிட்ட பருத்தி ரகத்தில் மெரூன் சாயம் போகிறது, தீபாவளியிலிருந்தே திரும்பி வருகிறது என்றார். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கினேன். அதற்கு விடை எனக்குத் தெரியும். இடையில் அதே சரக்கை இன்னொரு முறை கொள்முதல் செய்து மூன்று கட்டு நட்டப்பட்டிருந்தேன்.

நீ ஓசூரில் சேர்ந்த புதிதில் டொயோட்டாவின் கயிற்றைப் பற்றி எனக்குச் சொன்னாய். கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், தீராவிட்டால் வண்டி வரிசையே நிற்கும் என்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-ல் மூடிய ஃப்ரீமான்ட் ஆலையை 1984-ல் டொயோட்டாவும் சேர்ந்து மறுபடி திறந்தபோது, வேலைக்கு ஒழுங்காக வராதவர்கள் என்று பேர் வாங்கிய பழைய ஆட்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள், அவர்களே நல்ல வண்டி செய்தார்கள் என்றும் சொன்னாய். அன்று கயிற்றை ஒரு நல்ல ஏற்பாடாக மட்டும் கேட்டுக்கொண்டேன். இன்று, இழுத்தவனிடம் ஓடிவரும் மேலாளர் முதலில் என்ன கேட்கிறார் என்பதைத்தான் யோசிக்கிறேன். "என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரா, "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்கிறாரா? உன் பிரிவில் போன மாதம் எத்தனை முறை வரிசை நிறுத்தப்பட்டது என்று பார். எண்ணிக்கை குறைவாக இருந்தால் மகிழ்ந்துவிடாதே. போன மூவரும் கடைசியாக உன்னிடம் என்ன சொல்ல வந்தார்கள் என்பதை உன்னால் நினைவுகூர முடிகிறதா என்று பார். முடியாவிட்டால், அவர்களோடு வேலை செய்தவர்களைக் கேள். அவர்களுக்குக் கிழமையோடு தெரிந்திருக்கும்.

இன்னும் மூன்று வாரத்தில் ஆடித் தள்ளுபடி தொடங்குகிறது. கூட்டத்தில் முக்காலிகள் காலில் இடறும், எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் உட்காரட்டும் என்கிறேன் நான். சரியாக வருமா என்று தெரியவில்லை; முறையை அவர்களே போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதில் மேற்பார்வையாளரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள்.

உன் மனைவியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார். ஆடி முடிந்ததும் இரண்டு நாள் வந்து இரு. பகவத் படித்துறையில் தண்ணீர் வந்திருக்கும். உன் மூன்று பேரைப் பற்றியும் நிதானமாகப் பேசலாம். அதற்குள் விசாரித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்