வளசரவாக்கம் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்குத் தனித் திட்டம் வேண்டி மனு

அனுப்புநர்:
ஆற்காடு சாலையை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்,
வளசரவாக்கம், சென்னை – 600 087.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: மெட்ரோ நிலையத்திலிருந்து 500 மீட்டர் சுற்றுவட்டாரத்துக்குப் பகுதித் திட்டம் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்காடு சாலையில் எங்கள் தலைக்கு மேல் இரண்டு அடுக்காக ரயில் பாதை எழும்பியிருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலைக்குச் செல்வது ஒன்று. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குச் செல்வது மற்றொன்று. ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் சந்திப்பு வரை நான்கு நிலையங்கள் இரண்டு தடத்துக்கும் பொது. தூசியையும் தடுப்புகளையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்ட எங்களுக்கு இதில் மகிழ்ச்சியே. படியிறங்கிய பின் கால் வைக்கப்போகும் தெருவை நினைத்தால்தான் கவலை.

வளசரவாக்கம் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தது. தெருக்களோ அதற்கும் முன்பு, தனி வீடுகளை மனத்தில் வைத்துப் பிரித்த மனைகளுக்கு இடையே போட்டவை. இன்று அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் ஆகின்றன. சாலையின் அகலத்தைப் பொறுத்து, கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு பெற 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இடமளிக்கின்றன. ரயில் வரும் இடத்தில் குடித்தனம் பெருகுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பம் வரும்போது கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் பழைய அளவிலேயே இருந்தால் எப்படி?

ஒரு மாலை, வீட்டிலிருந்து நிலையம் வரை நடந்து பார்த்தோம். நடைபாதையில் சேர்ந்தாற்போல் இருபது காலடி வைக்க முடியவில்லை. மின் பெட்டி, விளம்பரத் தட்டி, நிறுத்திய கார், கடைக்காரர் தம் வாசலுக்கென்று கட்டிய சரிவு. தடையின்றி நடக்க 1.8 மீட்டராவது வேண்டும் என்பது, சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரசின் நெறிமுறை. எங்களுக்கு ஒருவர் பின் ஒருவராக நடக்கவே இடமில்லை. சக்கர நாற்காலியைப் பற்றிக் கேட்க வேண்டாம். நிலையத்தருகே பெரிய வாகன நிறுத்தம் கட்டுவது இதற்கு மாற்றாகாது. கட்டினால் அடுத்த தெருக்காரரும் வண்டியில்தான் வருவார்.

ஆகவே, நடைபாதை, வடிகால், சிற்றுந்தும் ஷேர் ஆட்டோவும் நிற்கும் இடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே வரைபடமாக வகுத்துத் தரக் கோருகிறோம். பூக்காரரும் இளநீர்க் கடைக்காரரும் அதில் இடம்பெற வேண்டும். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி இப்போதே இடம் ஒதுக்கினால் பின்னர் அவர்களை விரட்டும் வேலை இராது.

வரைவை முதலில் எங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில், தமிழில், சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டுகிறோம். சென்னைப் பெருநகருக்கு 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026 வரைதான். மூன்றாவது திட்டத்துக்குள் எங்கள் தெருக்கள் ஒரு வரியாகக் கரைந்துபோவதற்கு முன் இது நடக்க வேண்டும். கூட்டத்துக்கு நாள் குறித்துத் தெரிவித்தால், தெருவாரியாக நாங்கள் எடுத்த அளவுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர் (கையொப்பங்கள் இணைப்பில்)

நகல்: உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.