திருவக்கரை மரங்கள் உறைந்தவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரப் பூங்காவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ‘இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காடு அப்படியே கல்லாய் உறைந்துவிட்டது’ என்ற வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நான் மயிலம் பக்கம் தச்சு வேலை செய்கிறவன். அந்தப் பூங்காவுக்கு அடிக்கடி போகிறவன். என் பேத்தி அந்தக் கட்டுரையை வெட்டிப் பள்ளி நோட்டில் ஒட்டிவிட்டாள். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த ‘உறைந்தது’. நெய் உறையும், குளிரில் தண்ணீர் உறையும். உறைந்த பிறகும் பொருள் அதேதான். சூடு பட்டால் பழையபடி உருகிவிடும். திருவக்கரையில் நடந்தது வேறு. மணலும் சேறும் மரங்களைச் சீக்கிரமே மூடிவிட்டன. காற்று புகவில்லை, அதனால் உடனே மக்கவில்லை. பாறைகளைக் கரைத்துக்கொண்டு வந்த நிலத்தடி நீர் மரத்துக்குள் ஊறியது. அந்த நீரில் இருந்த சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கு, மரத்தின் நுண்ணிய குழாய்களிலும் அறைகளிலும் படிந்தது. பிறகு அறைகளின் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிய, அந்த இடத்தையும் சிலிக்காவே பிடித்துக்கொண்டது. மரம் போய்விட்டது, மரத்தின் அமைப்பு நிற்கிறது. எனவே ‘கல்லாக மாறியது’ என்பதும் எனக்குப் பாதி சரியாகத்தான் படுகிறது.

இதற்கு நம்மிடம் பொருத்தமான வினை இருக்கிறது: சமைதல். அதிர்ந்து போனவளைக் ‘கல்லாய்ச் சமைந்து நின்றாள்’ என்று சொல்கிறோமே, அதே சொல். சமைதல் என்றால் சோறு ஆக்குவது மட்டும் இல்லை. ஒன்று உருவாவது, ஆக்கப்படுவது. வெளியிலிருந்து சரக்கு வந்து சேர்ந்து, காலம் எடுத்து, புதிதாக ஒன்று ஆகி நிற்பதை இந்தச் சொல் தாங்கும். ‘மரம் கல்லாய்ச் சமைந்தது’ என்று எழுதினால் நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும்.

எவ்வளவு நுணுக்கமாகச் சமைந்திருக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு கட்டையின் வெட்டு முகத்தில் வளையங்கள் வரி வரியாக ஓடுகின்றன. பக்கவாட்டில் ஒரு கணு; அதை நெருங்கும் ரேகைகள் இரண்டு பக்கமும் வளைந்து விலகி, தாண்டியதும் மறுபடி சேர்கின்றன. வேம்பிலோ பூவரசிலோ இப்படி ஒரு கணு வந்தால் இழைப்புளியை எந்தப் பக்கம் திருப்புவேனோ, அதே பக்கம் என் கை தானாகப் போகிறது. ஆனால் அங்கே உளி இறங்காது. இரும்பால் கீறினாலும் கோடு விழாத கடினம் அது. சில கட்டைகளில் சிவப்பும் மஞ்சளும் தெரிகிறதே, அது இரும்புச் சத்து தந்த நிறம். இந்தக் கல்லைத் தாளைவிட மெல்லிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் அறைகள் அப்படியே தெரிகின்றன. அதை வைத்துத்தான் இது புளிய மரக் குடும்பம், இது ஆமணக்குக் குடும்பம் என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். வெறுமனே உறைந்த கட்டியில் இப்படிப் படிக்க முடியுமா?

அடுத்தது, ‘இங்கே நின்ற காடு’. அங்கே ஒரு மரமும் வேரோடு நிற்கவில்லை. எல்லாமே படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் உரிந்து போயிருக்கிறது. மரவாடியில் இறக்கிப் போட்ட கட்டைகள் மாதிரிதான் இருக்கின்றன. வேறெங்கோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து இங்கே மணலோடு மணலாகத் தள்ளியிருக்கிறது என்பதே நிலவியலாளர்கள் சொல்வது. அந்த மணல்தான் இறுகி, இன்று ‘கடலூர் மணற்கல்’ என்று சொல்லப்படும் பாறையாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் சொன்னேரா 1781-லேயே இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவாக்கியது. இவ்வளவு காலமாகப் பலர் பார்த்து எழுதி வைத்திருப்பதை ஒரே வரியில் தலைகீழாகப் போடலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையோடு வந்த படம் ஒன்றில் ஒரு சிறுவன் சில்லு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தப் பூங்கா தேசிய நிலவியல் சின்னம். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது. படத்துக்குக் கீழே அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இந்த இரண்டு பிழைகளையும் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பேத்தியின் நோட்டில் பழைய கட்டுரைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
மயிலம்.